பரமலிங்கம் வைத்த பெயர்கள்

பிளேன் செய்கிற நாட்டுக்காரன் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துத்தான் விற்கிறான். பருந்து என்பான், சிங்கம் என்பான், ஒன்றும் தோன்றாவிட்டால் எழுத்தும் இலக்கமும் போட்டு அனுப்புவான். அந்தப் பெயர் எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்வதில்லை. குண்டு மட்டும் ஒழுங்காக வந்து சேரும். அதனால் சனம் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பழைய வண்டில் மாதிரிக் கடகடத்துக்கொண்டு வந்தது சகடை. மேலே நின்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்ப் பின்னால் வேறொன்றை ஏவிவிடுகிறது கோள்மூட்டி. ஹெலிகொப்டர் ஹெலிதான், பொம்மர் பொம்மர்தான். பெயரைச் சொன்னால் போதும், செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரியும். பொம்மர் என்றாலும் சகடை என்றாலும் வெட்டி வைத்த பதுங்குகுழிக்குள், அதுதான் பங்கருக்குள், பாய வேண்டும். ஹெலி என்றால் ஓடக்கூடாது, ஓடுகிறவனைத்தான் அது சுடும். பனையோடு ஒட்டி நின்று, அது சுற்றச் சுற்ற நாங்களும் மரத்தைச் சுற்ற வேண்டும். கோள்மூட்டி என்றால் புகையை அணைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் காதுள்ளவர்களுக்கு. சிவக்கொழுந்தின் புருஷன் பரமலிங்கத்துக்குக் காது கேட்காது. தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல் ஒன்று, ஆளில் ஒரு கீறலும் போடாமல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவருடைய தோட்டம் தரிசாய்க் கிடந்தது. மனுசனும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து பாதியாய்ப் போனார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். அந்தக் கோலத்தைச் சிவக்கொழுந்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வருகிற கார்த்திகையில் இவரைக் கொண்டு புகையிலை நடுவித்தே தீருவது என்று அவள் முடிவெடுத்தாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி என்று ஊருக்கே தெரியும்.

எதிர்த்தவர் அவளுடைய தமையன் ஆழ்வாப்பிள்ளை. தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார். வஞ்சகமில்லாத மனுசன், தங்கச்சியில் உயிர். ஆனால் கோபம் வந்தால் நாக்கில் நரம்பில்லை.

"காது கேளாத மனுசனைத் தோட்டவெளியிலை விட்டிட்டு நீ வெள்ளைச்சீலை கட்டப்போறியோ?" என்றார்.

சிவக்கொழுந்து அழவில்லை. நடுகை முடியட்டும், பிறகு பார்ப்பம் என்றாள். ஒரேயொரு தரம் பிசகினாலும் தோட்டம் குத்தகைக்காரனுக்குத்தான் என்று அவர் சொல்ல, அதற்கும் ஓம் என்றுவிட்டாள். பிசகவிட்டால்தானே என்பது அவளுடைய நினைப்பு.

கூலிக்கு வந்து சேர்ந்தவள் லூர்த்தம்மா. கடற்கரைக் குருநகர்க்காரி, மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகத் தடை, வீட்டுக்கும் குண்டு விழுந்து, பிள்ளைகளோடு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தாள். மீன் வெட்டிய கைக்குப் புகையிலைக் கன்று பிடிக்க இரண்டு நாள்தான் தேவைப்பட்டது. கிழக்கு எது மேற்கு எது என்று கேட்காமலே சொல்லக்கூடியவள், பாத்திக்கும் வாய்க்காலுக்கும் மட்டும் பேர் மாறிப்போகும்.

சிவக்கொழுந்து ஒரு கிழமையாய் யோசித்துப் பெயர்களைக் கையால் காட்டுவதற்கு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கைமுட்டியையும் வண்டில் சில்லுப் போல் உருட்டினால் சகடை. தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் ஹெலி. வாயைப் பொத்திக் காதில் குசுகுசுத்தால் கோள்மூட்டி. கையை விரித்தால் பொம்மர். பரமலிங்கத்தை முன்னுக்கு இருத்திக் காட்டிக் காட்டிப் பழக்கினாள். அவரும் தலையாட்டினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்தான்.

நடுகை தொடங்கி நாலாம் நாள் பின்நேரம் சகடை வந்தது. சிவக்கொழுந்து வரம்பில் நின்று முட்டியை உருட்டினாள். எல்லாரும் பங்கருக்குள் இறங்கியாயிற்று, பரமலிங்கம் மட்டும் கன்றும் கையுமாய் நின்று அவளுடைய முட்டியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பவும் முட்டியைப் பார்த்தார். மூன்று தோட்டம் தள்ளி விழுந்தது. பறந்து வந்த மண்கட்டி ஒன்று அவருடைய நெற்றியைப் பிளந்தது.

இரத்தம் வழிய வழிய இழுத்துக்கொண்டு வந்து பங்கருக்குள் இருத்தி, தன் பயமெல்லாம் கோபமாய் வர, ஏன் ஓடவில்லை என்று சிவக்கொழுந்து கையாலும் வாயாலும் கேட்டாள்.

"சகடை எண்டா என்னப்பா?" என்றார் பரமலிங்கம். "நான் அந்தச் சத்தத்தை ஒரு நாளும் கேக்கேல்லை. காது போனாப்பிறகு வந்த பிளேன் அது. நீங்கள் எல்லாரும் சத்தத்துக்குப் பேர் வைச்சிருக்கிறியள். நீ அந்தச் சத்தத்தைத் தூக்கி எனக்குக் கையிலை காட்டுறாய்."

சிவக்கொழுந்துக்கு அடி வாங்கியது போல இருந்தது. ஒரு கிழமையாய் யோசித்ததும் காதால்தான். காதிருப்பவர்கள் செய்கிற பிழை, அதை அவளும் செய்திருந்தாள்.

சேலைத் தலைப்பைக் கிழித்து நெற்றியைக் கட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மா மெல்லச் சொன்னாள்.

"அக்கா, கடலிலை காத்துக்கும் எஞ்சினுக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் கேளாது. எங்கடை ஆம்பிளையள் சட்டையைக் கழட்டி வீசித்தான் மற்ற வள்ளத்துக்குச் சொல்லுறது. என்ன வருகுதெண்டு ஆரும் காட்டுறேல்லை. என்ன செய்யோணுமெண்டுதான் காட்டுறது. வலையை வெட்டு, திரும்பு, கிட்ட வா. அவ்வளவுதான்."

அதைச் சிவக்கொழுந்து கையால் சொல்ல, பரமலிங்கத்தின் முகம் தெளிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கண்டாள். பங்கருக்குள் இருந்தபடியே அவர் பெயர் வைக்கத் தொடங்கினார். மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல இரண்டு கையையும் வளைத்தால் ஹெலி. உள்ளங்கையை நிலத்தைப் பார்க்க விரித்து அசையாமல் பிடித்தால் கோள்மூட்டி. முட்டியைக் கீழே குத்தினால் பொம்மர், சகடையும் அதுவேதான். சாகப்போகிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்றார். சனம் ஒரு வருடத்துக்கு மேலாய் வைத்த பெயர்களை மனுசன் கால் மணித்தியாலத்தில் கழித்துக் கட்டினார். இன்னொன்றும் சொன்னார். பிளேன் வந்தால் பனையிலிருக்கிற காகம் அவ்வளவும் எழும்பிவிடும், அது உண்மையாய்ப் போன பிறகுதான் திரும்ப வந்து இருக்கும். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததாய் ஊர் நினைத்தது, அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்றிரவு நெற்றிக் கட்டைக் கண்டார் ஆழ்வாப்பிள்ளை. பிசகிவிட்டது, பேச்சுப் பேச்சுத்தான், நாளைக்கு வந்து சொல்லுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிவக்கொழுந்து அன்று சோறு தின்னவில்லை. ஆனால் விடிந்ததும் கன்று நிறைந்த ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்தான்.

மறுநாள் நாலு மணிபோல் ஆழ்வாப்பிள்ளை வரம்பால் வந்தார். குத்தகைக்காரன் வெள்ளிக்கிழமை வருகிறான், இதோடு நடுகையை நிற்பாட்டு என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, சிவக்கொழுந்துக்கு இரைச்சல் கேட்டது. முட்டியைக் கீழே குத்தினாள். பரமலிங்கம் மேலே பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. முன்னுக்கு நின்ற மைத்துனரை இடுப்பில் பிடித்துத் தள்ளிக்கொண்டு பங்கருக்குள் விழுந்தார். சிவக்கொழுந்தும் லூர்த்தம்மாவும் மேலே விழுந்தார்கள்.

குண்டு பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. மண் உள்ளே கொட்டியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சிவக்கொழுந்து லூர்த்தம்மாவின் வாய் அசைவதைப் பார்த்தாள், குரல் வரவில்லை. தன் குரலும் தனக்குக் கேட்கவில்லை. அடைத்த காதோடு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிளேன் போய்விட்டதா, மேலே நிற்கிறதா, யாருக்குத் தெரியும்?

ஆழ்வாப்பிள்ளையின் வீடு வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம். பெண்சாதி, மூன்று பிள்ளைகள். அவர் எழும்பி ஏறினார். பரமலிங்கம் காலைப் பிடித்தார். ஆழ்வாப்பிள்ளை உதைத்தார். பரமலிங்கம் விடவில்லை. ஆழ்வாப்பிள்ளை திரும்பி அவருடைய முகத்தில் அடித்தார், நெற்றிக் காயம் திறந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அந்தக் கண்ணைத் துடைக்காமல், ஒரு கையால் காலைப் பிடித்தபடி, மற்றக் கையை நிலத்தைப் பார்க்க விரித்து அசையாமல் பிடித்தார். பங்கர் வாசலால் தெரிகிற பனைகளில் ஒரு காகம்கூட இல்லை. சிவக்கொழுந்து பாய்ந்து தமையனின் மற்றக் காலைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது குண்டு ஒழுங்கையில் விழுந்தது. வீட்டுக்கு ஓடுகிறவன் போகிற அதே ஒழுங்கை. நிலம் தூக்கிப் போட்டது, வாசல் புழுதியால் மூடியது. ஆழ்வாப்பிள்ளை உதைப்பதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் பரமலிங்கத்தின் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். புழுதி அடங்கியது. நெடுநேரம் கழித்து ஒரு காகம் வந்தது, பிறகு இரண்டு, பிறகு கூட்டமாய். பரமலிங்கம் கையை எடுத்தார். போய்விட்டது என்பதற்கு அவர்கள் நாலு பேரும் ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெருவிரலை நிலத்தில் ஊன்றி, கன்றுக்கு மண் அணைப்பது போல அழுத்திக் காட்டினார்.

ஆழ்வாப்பிள்ளை ஓடிப்போனார். சிவக்கொழுந்து கும்பிட்டபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் தூரத்து வரம்பில் அவர் வருவது தெரிந்தது, ஓட்டமில்லை, நடைதான். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று அந்த நடையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கிட்ட வந்ததும் குத்தகைக் கதைதான் எடுப்பார் என்று நினைத்து மறுமொழியை நெஞ்சுக்குள் ஆயத்தப்படுத்தினாள்.

அவர் அவளிடம் வரவில்லை. பரமலிங்கத்துக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய முகத்தில் காய்ந்திருந்த இரத்தத்தைத் தன் சால்வையால் துடைத்தார். பிறகு குந்தியிருந்து, கடகத்திலிருந்து ஒரு கன்றை எடுத்துக் குழியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, சரியோ என்று நிமிர்ந்து பார்த்தார்.