எழுபதுக்குக் கீழே இறங்காத ஓர்வல் டீக்

ஓர்வல் டீக் ஏழு வருடமாகத் தன் ஃபோர்டு காரை விட்டு இறங்கவே இல்லை. மணிக்கு எழுபது மைலுக்குக் கீழே அது போகாது, ஆகவே நிற்காது. கலிஃபோர்னியா வெயிலில் எங்கள் மெண்டோரா ஊரைச் சுற்றிவரும் சாலையில் அதை ஓட்டிக்கொண்டே இருக்கிறான். இதற்கிடையில் பெட்ரோல் விலை இருமுறை ஏறியது. அவன் டாங்கி குறைவதே இல்லை என்பதால் அவனுக்கு அது தெரியாது.

எல்லாம் கேம்ஷாஃப்டால் வந்த வினை. எஞ்சின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் இரும்புத் தண்டு அது. நிதானமான தண்டு போட்டால் வண்டி கடைத்தெருவில் சமர்த்தாகப் போகும். முரட்டுத் தண்டு போட்டால் வேகத்தில் பறக்கும், மெதுவாகப் போனால் இருமும். எங்கள் ஊரில் அதைக் கடைந்து தருபவர் ஹெய்க் டோரோசியன். வந்தவன் வாயால் சொல்வதையே அளவாக வைத்துக் கடைவார், மயிரிழை பிசகாது. அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. இந்த வண்டிய எதுக்கு ஓட்டுற?"

ஓர்வல் திராட்சைக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போவான், வருவான். ஞாயிற்றுக்கிழமை கர்ப்பிணி மனைவி ஆர்டித்தை சர்ச்சுக்கு அழைத்துப்போவான். அந்த வண்டி கண்ட உலகம் அவ்வளவுதான். ஆனால் ஹெய்க்கிடம் தண்டு வாங்கப் போன அன்றைக்குக் கூட்டாளிகள் பின்னால் நின்றார்கள்.

"சொல்லேன் மாப்ள, சர்ச்சுக்குத்தானே?" என்று ஒருவன் இளித்தான்.

"ரேஸுக்குத்தான். என் கால் எழுபதுக்குக் கீழ இறங்கினதே கிடையாது" என்றான் ஓர்வல்.

"சொல்லிட்ட. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார் ஹெய்க்.

தண்டை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார் எழுபதில் கிளம்பியது. சொன்ன பொய்யை ஓர்வலே நாலு பேர் கேட்க மாற்றிச் சொன்னால் கார் தானாக நிற்கும் என்று ஹெய்க் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். மறுமாதம் ஆர்டித்துக்கு வலி கண்டது. பையோடு சாலையோரம் நின்றாள். புருஷன் விர்ரென்று கடந்து போனான்.

"யோவ், கிட்டங்கிக்கும் சர்ச்சுக்கும்தான் போறேன்னு கத்தித் தொலையேன்யா!"

மூலை பர்கர் கடையில் கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர்வல் பல்லைக் காட்டிக் கையசைத்துவிட்டுப் போனான். அவள் பால் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் நோரீனைப் பெற்றாள். வெட்கங்கெட்டவன், சேதி கேட்டு ஹாரன் வேறு அடித்தான்.

காலப்போக்கில் கூட்டாளிகளுக்குக் கல்யாணமாயிற்று, தொந்தி விழுந்தது, நாலு கதவு வண்டி வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். பர்கர் கடை சலவைக் கடை ஆயிற்று. ஆர்டித்துக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. பாவம், அவள் என்னதான் செய்வாள்?

ஒரு வசந்தகாலக் காலையில் நோரீன் வேலியருகே நின்று கூப்பிட்டாள். "அப்பா! அவங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. இப்ப சொல்லுப்பா!"

உண்மை நாக்கு நுனிவரை வந்ததும் கார் முதன்முறையாக அறுபதுக்கு இறங்கியது. சலவைக் கடைக்காரர்கூடப் பார்த்தார். ஓர்வல் வாயைத் திறந்தான். மகளின் முகத்தைப் பார்த்தான்.

"நீ இருக்கியேம்மா" என்று சொல்லிவிட்டு அழுத்தி மிதித்தான்.

நோரீன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. காலையில் அவன் கடக்கும்போது சாண்ட்விச் பொட்டலத்தை ஜன்னலுக்குள் குறி தவறாமல் எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.