மச்சம் எந்தப் பக்கம்

பன்னிரண்டு வருடமாக எங்கள் நாரின் என்ற மலைப்பகுதியின் சின்ன ஊர்களில் கேமராவும் கையுமாக அலைகிறேன். கடைக் கண்ணாடி, சாலையில் தேங்கிய மழைத்தண்ணீர், டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரின் பளபளத்த வயிறு, இவற்றில் தெரியும் பிம்பங்களை மட்டும்தான் எடுப்பேன். “மனுஷனை நேருக்கு நேர் பார்க்கத் துப்பில்லாத ஆளு” என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். எடுத்த பிம்பத்தை இடம் வலம் மாற்ற மாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பும் உண்டு.

அத்பாஷி என்ற ஊரில் டீக்கடை மாடியில் தங்கியிருந்தபோது இரண்டு பெண்கள் தேடி வந்தார்கள். முன்னால் வந்தவர் சாய்ரா. பின்னால் தலை குனிந்து நின்றவள் அவருடைய மருமகள் புருல்சா. சாய்ராவின் மகன் எசென்குல் போன குளிர்காலத்தில் கணவாயில் லாரி உருண்டு இறந்துபோனான். அவன் போனும் அதிலிருந்த படங்களும் லாரியோடு எரிந்துவிட்டன. ஒன்பது நாளில் அவனுடைய முதல் வருஷ நினைவு விருந்து. அதற்குள் முகம் வெட்டிய கருங்கல்லைச் சமாதியில் நட வேண்டும். வெட்டக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது.

“டீக்கடைக் கண்ணாடியில என் பிள்ளையைப் படம் புடிச்சியாமே தம்பி? கடைக்காரர் சொன்னாரு.”

தேடி எடுத்தேன். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

சாய்ராவின் முகம் சுருங்கியது. “இது யாரு? என் பிள்ளைக்கு மச்சம் இடது கன்னத்துல. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“கண்ணாடியில எடுத்ததும்மா. பக்கம் மாறித்தான் தெரியும்.”

“அப்ப மாத்திக் குடு. கல்லுல தப்பா வெட்டினா ஊரே சிரிக்கும்.”

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வீம்பு பேச முடியுமா? மாற்றிக் காட்டினேன். “இவன்தான், இவனேதான்” என்று திரையைத் தடவித் தடவி அழுதார்.

புருல்சா ஓரக்கண்ணால் பார்த்தாள். “அத்தை, இது அவரு மாதிரி இல்லையே.”

“ஆறு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குப் புருஷன் முகம் தெரியலையா? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?”

“நீங்களும் மாமாவும் இருக்கறப்ப நான் எங்க நிமிர்ந்தேன்? நம்ம வீட்டுல கை கழுவுற எடத்துலயும் கண்ணாடி இருக்குல்ல, அதுலதான் அவரு என்னைப் பார்ப்பாரு, நானும் பார்ப்பேன். ரூமுக்குப் போனா வெளிச்சத்தை அணைச்சிடுவோம். மொதல்ல காட்டினாரே, அந்த முகம்தான் எனக்குத் தெரியும்.”

எங்கள் வீடுகளில் மருமகள் என்றால் குனிந்த தலை நிமிரக் கூடாது. சாய்ராவும் ஒரு காலத்தில் அப்படிக் குனிந்து நின்றவர்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஊற்றி வைத்த டீயை யாரும் தொடவில்லை.

சாய்ரா தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“முன்ன இருந்த மாதிரியே திருப்பிடு தம்பி. அதையே வெட்டட்டும்.”

புருல்சா பதறிப்போனாள். “வேணாம் அத்தை, ஊரு தப்பாப் பேசும்.”

“பேசட்டும். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? அவன்கிட்டயே போயிடுவேன், நேர்லயே பார்த்துக்குவேன். கல்லைப் பார்த்துக்கிட்டு இருக்கப் போறவ நீதானேடி.”