சீனிக்காரரை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறது

சனத்துக்கு நான் சொன்ன பொய் ஒண்டே ஒண்டுதான். என்ரை மனுசன் சீனி கூடி மயங்கி விழுந்திட்டார் எண்டு. நாசமாப் போன அந்தப் பொய்தான் அவரின்ரை கையில துவக்கைக் குடுக்கப் பாத்தது.

உண்மை என்னெண்டால், மாசி மாசம் இவர் சாகப் போனவர். எப்பிடி எண்டு சொல்லமாட்டன், அது உங்களுக்குத் தேவையில்லை. அண்டைக்கு நான் வேலையால வெள்ளன வந்தபடியால் ஆள் தப்பினது. பரமட்டாவுக்குக் கிட்ட இருக்கிற பெரியாஸ்பத்திரியில வைச்சிருந்து அனுப்பினவை. ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டால் அவருக்கே தெரியாது. வேலை இருக்கு, வீடு இருக்கு. பிள்ளையள் இல்லை, ஆனா அதுக்காக அழுது முடிச்சு எவ்வளவு காலம். "காரணம் தேடாதேங்கோ, இது ஒரு வருத்தம்" எண்டு டொக்டர் சொன்னா. சரி, வருத்தம். ஆனா வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனடியில மரக்கறி வாங்கிக்கொண்டு நிக்கேக்க அந்த வருத்தத்தின்ரை பேரை என்னெண்டு சொல்லுறது? "மகேந்திரராஜா அண்ணைக்கு என்னவாம்?" எண்டு கேட்ட முதல் ஆளுக்கே என்ரை வாயில வந்தது சீனி. எங்கட சனத்தில சீனி இல்லாத வீடு ஏது? ஒருத்தரும் ரெண்டாம் கேள்வி கேக்கேல்லை.

கேள்வி வரேல்லை, பாவற்காய் வந்தது. வெந்தயம் வந்தது. ஆரோ ஒரு அன்ரி கறுவாத் தண்ணி காய்ச்சிப் போத்தலில கொண்டந்து வைச்சிட்டுப் போனா. இவர் வைச்சதில ரெண்டு வாய் கொறிச்சிட்டு எழும்பிப் போவார். வீட்டுக் கத்தியெல்லாம் என்ரை கார் டிக்கிக்குள்ள. ஒரு வெங்காயம் வெட்டிறதெண்டாலும் நான் காருக்குப் போய்த் திறந்து எடுத்து வரவேணும். குளிசையெல்லாம் என்ரை ஹாண்ட்பாக்கில, வேலைக்கும் என்னோடதான் வரும். அந்தச் சொல்லை மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் வாயில எடுக்கேல்லை.

இந்த நேரத்திலதான் நித்தியானந்தன் அண்ணை வந்து சேர்ந்தார். இவரோட ஒரே வகுப்பில படிச்சவர். பிளக்ரவுணில தனிய இருக்கிறார். ரெண்டு வேட்டை நாயும், அலுமாரி மாதிரி ஒரு இரும்புப் பெட்டியில பூட்டி வைச்ச துவக்குகளும்தான் அவருக்குக் குடும்பம். போன வருசம் இவரையும் இழுத்துக்கொண்டு போய்த் துவக்கு லைசென்ஸ் எடுக்கப் பண்ணினதும் அவர்தான்.

"மச்சான், சீனிக்கு ஒரே மருந்து நடை. நீ என்னோட கிங் ஐலண்ட் வாறாய்."

அது எங்க கிடக்கு எண்டு கேட்டன். தஸ்மேனியாப் பக்கம் ஒரு தீவாம். மெல்போணுக்குக் காரில போய், அங்கயிருந்து குட்டிப் பிளேனில நாயும் துவக்குமாய்ப் பறக்கிறதாம். ஜூன் லோங் வீக்கெண்டில மட்டும் அங்க ஃபெசன்ட் சுட விடுவினமாம். எங்கட காட்டுக்கோழி மாதிரி, வால் மட்டும் நீட்டு.

"கோழி தின்னவோ இவ்வளவு தூரம்? ஸ்ரேசனடியில ரெண்டு டொலருக்குக் கால் விக்கிறான்" எண்டன்.

அண்ணை சிரிச்சார். அவரின்ரை நாய் ஜிம்மி, பெட்டை நாய்தான், ஆனா பேர் ஜிம்மி, இவரின்ரை மடியில தலையை வைச்சுது. இவர் அதின்ரை காதைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஓம், வாறன்."

ஐயோ, அந்த 'ஓம்'! மாசிக்குப் பிறகு இவர் வாயால வந்த முதல் ஓம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நிமிசம் நெஞ்சுக்குள்ள இடி விழுந்தது. துவக்கு! ஆஸ்பத்திரியில என்னட்டக் கேட்டவை, வீட்டில துவக்கு இருக்கோ எண்டு. இல்லை எண்டன். லைசென்ஸ் இருக்கோ எண்டு கேக்கேல்லை, எனக்கும் நினைவு வரேல்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் எங்கட சாப்பாட்டு மேசைதான் அவை திட்டம் போடுற கந்தோர். மூண்டாவது ஆள் பார்த்தசாரதி, இவரோட வேலை செய்யிற மெட்ராஸ் பெடியன், ஹோம்புஷில ஃபிளாட். முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். "நீர் என்ன மண்ணாங்கட்டிக்கு வேட்டைக்குப் போறீர்?" எண்டு கேட்டன்.

"நான் சுடமாட்டேன் அக்கா. கேமரா வாங்கியிருக்கேன். அண்ணா பறவைய சுடட்டும், நான் அண்ணாவ சுடுறேன்" எண்டு பல்லைக் காட்டினார். எனக்கு அந்த வாயில ஒண்டு போடவேணும் போல இருந்தது. பாவம், அந்தப் பெடியனுக்கு என்ன தெரியும்.

நான் சும்மா இருக்கேல்லை. சீனிக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேணும் எண்டு சொல்லிப் பாத்தன். பார்த்தசாரதி அடுத்த கிழமையே குளிர்பெட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து நிண்டார், "கேழ்வரகு மாவு ரொட்டி நானே சுட்டு எடுத்துட்டு வர்றேன் அக்கா." லீவு கிடையாது எண்டன். மனேச்சரோட பார்த்தசாரதியே கதைச்சு எடுத்துத் தந்தார். காலில புண் வந்தால் ஆறாது எண்டன். நித்தி அண்ணை தொள்ளாயிரம் கதை சொல்லி விலை குறைச்சு, இவருக்கெண்டு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். நான் ஒரு கதவைச் சாத்த, அதுகள் அன்பால ரெண்டு கதவைத் திறக்குதுகள். இப்பிடிப்பட்ட நல்ல மனுசரை நான் வாழ்க்கையில இவ்வளவு வெறுத்ததில்லை.

தஸ்மேனியாவுக்குள்ள நாய் போறதெண்டால் பூச்சிக் குளிசை குடுத்ததுக்கு மிருக வைத்தியரின்ரை கடிதம் வேணுமாம். "தங்கச்சி, நான் துலைச்சுப்போடுவன், நீர் பத்திரமா வையும்" எண்டு அண்ணை என்னட்டத் தந்தார். அவர் கேற்றைத் தாண்ட முதல் அதைச் சுக்குநூறாக் கிழிச்சுக் குப்பையில போட்டன். பிறகு, காணேல்லை அண்ணை எண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னன். அதுக்கென்ன தங்கச்சி எண்டு போய் இன்னொண்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

இவரைப் பற்றி விசாரிக்க ஆஸ்பத்திரியால போன் எடுக்கிற நேர்ஸுக்கு ஒரு நாள் எல்லாத்தையும் கொட்டினன். அவ குரலே மாறிச்சுது. "அவர் துவக்குக்குக் கிட்டவும் போகக் கூடாது. நண்பருக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. லைசென்ஸ் விசயத்தை நான் அறிவிக்கத்தான் வேணும்" எண்டா. ஓம், ஓம் எண்டு போனை வைச்சன். லைசென்ஸைப் பறிக்க ஒருத்தரும் வரேல்லை.

நித்தி அண்ணைக்குச் சொன்னனோ? சொல்லேல்லை. ஏன் தெரியுமோ? சொன்னால் அடுத்த ஞாயிறு தொடக்கம் இவர் வென்ட்வேர்த்வில் முழுக்க 'விசர் பிடிச்ச மகேந்திரராஜா' ஆகிப் போவார் எண்ட பயம் ஒண்டு. மற்றது, இவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார். சவரம் எடுத்தார். வரைபடத்தை விரிச்சு வைச்சு எந்தப் புல்வெளியால நடக்கிறது எண்டு விரலால கோடு கீறினார். ஒரு நாள் ஜிம்மி என்ரை செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் சிரிச்சார். வாய்விட்டுச் சிரிச்சார்! அந்தச் சிரிப்பை நான் என்ரை கையாலயோ நூக்கிறது? குசினிக்குள்ள போய்ச் சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைச்சுக்கொண்டு அழுதன். ஒருவேளை சுகம் வந்திட்டுதோ? ஒருவேளை இந்தக் கண்டறியாத கோழிதான் இவரைக் காப்பாத்தப் போகுதோ? நானும் மனுசிதானே, நம்பத்தானே பாப்பன்.

புறப்பட முந்தின ஞாயிறு நான் மீன் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டன். மேசையில மூண்டு பேரும், கீழ நாய்கள். நித்தி அண்ணை காருக்குப் போய் நீட்டுப் பெட்டி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில வைச்சார்.

"துவக்கு தோளுக்கு அளவாய் இருக்கவேணும் மச்சான், இல்லாட்டி உதைச்சுப்போடும். ஒருக்காப் பிடிச்சுப் பார்."

பெட்டி திறபட்ட சத்தம் கேட்டது. நான் அகப்பையோட ஓடி வர, இவர் கதிரையால எழும்பிக் கையை நீட்டினார். அந்தக் கையை நான் பாத்தன். நடுக்கமே இல்லை. மாசி தொடக்கம் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நடுங்காமல் பிடிக்காத கை.

எனக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது. பெட்டி மூடியை அடிச்சுச் சாத்தி, அதுக்கு மேல நான் அப்பிடியே விழுந்து படுத்திட்டன். வரைபடம், கோப்பை, எல்லாம் சிதறிச்சுது. நாய்கள் குலைச்சுது.

"தங்கச்சி, என்ன இது! லோட் இல்லை, தோட்டாவே நான் கொண்டரேல்லை!"

"கொண்டு போங்கோ வெளியில! அவருக்குச் சீனி இல்லை அண்ணை! ஒரு நாளும் சீனி இல்லை! சாகப் போனவர்! நான்தான் சீனி எண்டு பொய் சொன்னனான்!"

நித்தி அண்ணை என்னையும் இவரையும் மாறி மாறிப் பாத்தார். நான் இவரைப் பாத்து மன்றாடினன். "சொல்லுங்கோ! என்ரை மனுசி யோகாவுக்கு விசர், அவ பொய் சொல்லுறா எண்டு சொல்லுங்கோ! நீங்கள் கோழி சுடத்தான் போறீங்கள் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, நான் எழும்புறன்!"

சத்தியமா அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் எழும்பியிருப்பன்.

இவர் மெல்லமாக் கதிரையில இருந்தார். "இல்லை நித்தி, அவ பொய் சொல்லேல்லை" எண்டார். பிறகு என்னைப் பாத்து, "அதுக்குத்தான் யோகா நான் ஓம் எண்டனான்" எண்டார்.

சவரம், சாப்பாடு, அந்தச் சிரிப்பு, எல்லாம் அதுக்குத்தான். போக வழி கிடைச்ச நிம்மதியில வந்த சிரிப்பு அது. அதைப் பாத்து நான் கோயிலுக்கு நேத்தி வைச்சனான்.

நித்தி அண்ணை என்னை மெல்லத் தூக்கி நிமித்திவிட்டுப் பெட்டியைப் பூட்டி, காருக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு வந்தார். வந்த மனுசன் வாசலிலேயே நிண்டிட்டார். "என்ரை துவக்காலயோடா? நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து இவவுக்கு என்னத்தைச் சொல்லுறது? அதுக்குப் பிறகு நான் என்னெண்டு இருக்கிறது?"

"உன்னை நான் யோசிக்கேல்லை மச்சான்" எண்டார் இவர். "யோசிக்க ஏலாமக் கிடக்கு. ஒருத்தரையும் யோசிக்க ஏலாமக் கிடக்கு."

அண்ணை ஓடி வந்து இவரின்ரை தலையைத் தன்ரை வயித்தோட சேத்துப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். பார்த்தசாரதி எண்ணெய் கருகிக்கொண்டிருந்த அடுப்பை நூத்திட்டு, என்ரை செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து காலடியில வைச்சார். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு என் கார்ல போகலாம். அண்ணா, எழுந்திரிங்க."

காரில நானும் இவரும் பின்னுக்கு. நித்தி அண்ணை முன்னுக்கு இருந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு வந்தார். பரமட்டா றோட்டில ஒரே வாகனம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிற லைற்றில இவர் என்ரை கையைப் பிடிச்சார். நடுங்கிச்சுது.

"பயமாக் கிடக்கு யோகா."

"எனக்கும்தான்" எண்டன். "கையை விடாதேங்கோ."

விடேல்லை.