கத்தலாமா என்று காஜி கேட்டார்

என் அக்கா லுத்ஃபாவின் தட்டை வாணலி, வங்கதேசத்துக் குல்னாவில் அவள் அடுப்படியிலிருந்து காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதன் கைப்பிடியை அறுத்துவிட்டு, நடுவில் துளை போட்டு, காமிராவைத் திருகி நிறுத்தும்படி செய்தது அவள் கணவர் தௌஹீத். பல் மருத்துவர். துளை போடுவதில் கை தேர்ந்தவர். அக்கா கணவரை எங்கள் பக்கம் துலாபாய் என்போம். சேற்றில் குப்புறப் படுத்து, காமிராவை வாணலியோடு தள்ளிக்கொண்டே போனால் பறவையின் கண்ணுக்கு நேராக லென்ஸ் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தை எங்கள் குழுவில் யாரும் படமாகவே மதிப்பதில்லை.

நான் படம் எடுப்பவள் அல்ல. கேட்பவள். கண்ணை மூடிக்கொண்டு, குரலை வைத்தே எது எங்கே இருக்கிறது என்று சொல்வேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பறவைகள் என் பட்டியலில் இருந்தன. பதினோரு குளிர்காலமாக நாங்கள் தேடிய ஒன்று மட்டும் இல்லை. கறுப்பு முகமூடி போட்டதுபோல் முகம், தடித்த மஞ்சள் அலகு, பச்சைக் கால். மீனவர்கள் அதை வாத்துப் பறவை என்பார்கள். சுந்தரவனத்தில் நீர் வற்றும் நேரம், ஓடையோரச் சேற்றில் நண்டு பொறுக்க வரும். ஓர் இருமல் கேட்டால் போய்விடும்.

அதனால்தான் அன்று காலை கிச்சுரி சாப்பிட்டுவிட்டு, நாங்கள் தங்கியிருந்த லாஞ்சிலிருந்து சிறு தோணியில் இறங்கியபோது, வனத்துறை அனுப்பிய துப்பாக்கிக் காவலரை விட்டுவிட்டு வந்தோம். அவருக்கு இரண்டு நாளாக இருமல்.

தோணிக்காரர் ஷுகுர் காஜிக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வோர் ஓடை வாயிலும் நுழையும்போது நீளமாக ஒரு குரல் கொடுப்பது அவர் வழக்கம். முதல் நாளே அதை நிறுத்தச் சொல்லியிருந்தோம்.

"ஆபா, ஒரே ஒரு சத்தம் குடுத்துக்கிறேன். நாம வந்திருக்கோம்னு மாமாவுக்குத் தெரியணுமில்ல?"

காட்டில் யாரும் புலியைப் புலி என்பதில்லை.

"மாமாவுக்குத் தெரிஞ்சா பறவைக்கும் தெரிஞ்சிரும், காஜி பாய்," என்றேன்.

"மாமாவுக்குப் பத்திரிகை வச்சு அழைக்க இதென்ன கல்யாண வீடா?" என்றார் துலாபாய்.

"நீங்க பல்லு டாக்டரு. அவரு பல்லைக் காட்டினா பார்த்துக்குவீங்க," என்று முணுமுணுத்துவிட்டு காஜி வாயை மூடிக்கொண்டார். மோட்டாரை நிறுத்தி, கழியால் ஊன்றினார். அதன்பின் மூன்று பேரும் பேசவில்லை.

ஒன்பதரைக்கு, ஓடை வாய்க்குத் திரும்பும் வழியில் அதைப் பார்த்தோம். ஓடை வளையும் இடத்தில், இடப்பக்கச் சேற்றில், தனியாக நடந்துகொண்டிருந்தது. துலாபாய் என் தோளை அழுத்தினார். தோணியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் வயிற்றால் சரிந்து இறங்கினார். முன்னால் வாணலி, அதன்மேல் காமிரா. பல்லிபோல் நகர்ந்து இருபதடி போனார். காமிரா சடசடவென்று எடுக்கத் தொடங்கியது. நான் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. காஜி நீரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பேசக் கூடாது என்று சொன்னது நாங்கள்தான். என் முழங்கையைத் தொட்டுத் தோணியின் அடியைக் காட்டியபோது, அது சேற்றில் உட்கார்ந்துவிட்டிருந்தது. பக்கத்தில் ஓடிய நீர் விரலளவுதான். கடல் ஏற்றம் வர இன்னும் இரண்டு மணி நேரம்.

துலாபாயைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் செய்த தவறு, முழங்காலில் எழுந்தது. படுத்திருந்தவரைத் தாங்கிய சேறு, எழுந்தவரைத் தாங்கவில்லை. ஒரு கால் முழங்கால்வரை போனது. அதை இழுக்க மற்றதை ஊன்றினார். இரண்டும் தொடைவரை போயின. சிரித்தார். பிறகு இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கேட்டது.

வலக்கரையில், வெகு தூரத்தில், காட்டுக்கோழி ஒன்று கெக்கலித்துப் படபடவென்று பறந்தது. அதில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதைவிட அருகே, இரண்டு சின்னான் குருவிகள் திட்டின. ஏதோ ஒன்று தரையில் போகும்போது திட்டும் குரல் அது. திடீரென்று நின்றது. பிறகு விசிறிவால் குருவி. அதுவும் நின்றது. ஒவ்வொரு குரலும் முந்தையதைவிட எங்களுக்கு அருகில் எழுந்து அடங்கியது. குரல்களுக்கு இடையே இருந்த நேரத்தை எண்ணிப் பார்த்தேன். மெதுவாக நடக்கிற ஒன்றின் நேரம். பறவைகள் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தன. அது எங்களை நோக்கி வந்தது.

இருபது வருடமாக இந்தக் காதைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அப்போது அது இல்லாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரையில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. ஓலைப் புதர் தெரிந்தது, மூச்சுவேர்கள் ஆணி ஆணியாகத் தெரிந்தன. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

காஜிக்கு என் முகமே போதும். கழியை இரண்டு கையாலும் பிடித்தார். என் காதருகே குனிந்து, மூச்சாகக் கேட்டார்:

"ஆபா, கத்தலாமா?"

என்னிடம் அனுமதி கேட்டார். மூன்று நாளாக அவரை அப்படிப் பழக்கியிருந்தோம். அதைவிட மோசமானதை இங்கே எழுதிவிடுகிறேன். நான் உடனே பதில் சொல்லவில்லை. வளைவில் அந்தப் பறவை இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஒரு நொடி இருக்கும். துலாபாய்க்குப் பின்னால், வலக்கரைப் புதருக்குள், ஒரு தையல்சிட்டு திட்டத் தொடங்கி நின்றது.

"கத்துங்க!" என்றேன்.

காஜியின் குரல் அந்த ஓடையை அறைந்தது. கழியால் தோணியின் விளிம்பில் அடித்துக்கொண்டே கத்தினார். நானும் கத்தினேன். பறவை நீரில் இறங்கி, வளைவுக்கு அப்பால் மறைந்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? போயிருச்சு!" என்று துலாபாய் திரும்பி அலறினார்.

"துலாபாய், வாணலி! வாணலிமேல சாய்ஞ்சு வாங்க!"

"காமிரா இருக்கு அதுல!"

"உங்களுக்குப் பின்னால இருக்கு. புதர்ல."

எது என்று அவர் கேட்கவில்லை. திருகாணியைப் பிடித்துத் திருப்பினார். சேறு அடைத்து அது அசையவில்லை. நகத்தால் சுரண்டினார். பதினோரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த படங்கள் அதற்குள் இருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வாணலியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். காமிரா கீழே, அடிப்பாகம் மேலே. அதன்மேல் நெஞ்சைப் போட்டு அமுக்கினார். காமிரா முழுவதும் சேற்றுக்குள் இறங்கியது. ஒரு கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

"படுத்தே வாங்க டாக்டர்! எழுந்திரிக்காதீங்க! நீச்சலடிக்கிற மாதிரி!" என்று காஜி கழியை நீட்டினார். அது எட்டவில்லை. கழி நீண்டபோது அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. புதரில் ஓலை ஒன்று மற்றொன்றோடு உரசியது. காற்று இல்லை.

"ஆபா, நிறுத்தாதீங்க. எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க. சத்தமா."

எதைச் சொல்வது? கலிமாகூட வரவில்லை. மனப்பாடமாக இருந்த ஒன்றைக் கத்தினேன்.

"காட்டுக்கோழி! மயில்! குள்ளத்தாரா! முக்குளிப்பான்!"

என் பட்டியல். பார்த்த வரிசையில், ஒன்றிலிருந்து. சேற்றில் கையால் துழாவிக்கொண்டு துலாபாய் வந்தார். இருபதாவது பறவையில் இரண்டாவது காலும் வெளியே வந்தது. அறுபதுக்கு மேல் கழியைப் பிடித்தார். நூறு ஆவதற்குள் தோணிக்குள் கிடந்தார். வெறுங்கால், உதடெல்லாம் சேறு. எழுந்து உட்கார்ந்து, கரையைப் பார்த்து அவரும் கத்தினார். அவர் கத்தியது அக்காவின் பெயரை.

அங்கிருந்து நகர முடியாது. வற்றிய ஓடையில் மரத்தோணி ஒரு தட்டுபோல் உட்கார்ந்திருந்தது. விளிம்பு முழங்கால் உயரம். காஜி கழியை ஈட்டிபோல் பிடித்துக்கொண்டு புதரைப் பார்த்து நின்றார். கண்ணை எடுக்கவே இல்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருநூற்றில் குரல் உடைந்தது. மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் காது தானாக அந்தப் பக்கம் போகும். எல்லா ஓடையிலும் ஏதாவது ஒன்று கூவும். அங்கே ஒன்றும் கூவவில்லை. போயிருந்தால் சின்னான்களாவது திரும்பியிருக்கும்.

"போயிருக்கும்மா," என்றார் துலாபாய். "இவ்வளவு சத்தத்துக்கு எதுவும் நிக்காது."

நான் அடுத்த பெயருக்குப் போனேன். முந்நூற்று ஆறு. முந்நூற்று ஏழு.

பன்னிரண்டு மணிக்குமேல் நீர் வந்தது. முதலில் ஒரு நூல்போல, பிறகு கையகலமாக. தோணி ஒரு பக்கம் அசைந்தது. துலாபாய் வாணலி கிடந்த இடத்தைப் பார்த்தார். ஏற்றம் அதை மூடிக்கொண்டிருந்தது. எடுக்கலாமா என்று கேட்கவில்லை. காஜி மோட்டாரைக் கிளப்பவில்லை. அதன் விசிறியை நீரில் இறக்க இன்னும் ஆழம் போதாது. கழியை ஊன்றித் தள்ளினார். ஓடை வாய்க்குப் போக அந்தப் புதரைக் கடந்துதான் ஆகவேண்டும்.

கடக்கும்போதுதான் புதரின் பின்பக்கம் தெரிந்தது. காட்டிலிருந்து சேற்றில் தடங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. புதரின் நிழலில், துலாபாய் புதைந்து நின்ற இடத்திலிருந்து பத்தடியில், அவை முடிந்தன. அங்கே சேறு அகலமாக அமுங்கி, வழவழவென்று இருந்தது. எதுவோ நெடுநேரம் உட்கார்ந்திருந்த இடம். அதன் ஓரத்தில் நீர் அப்போதுதான் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடத்தைத் தேடினேன். புதருக்கு அப்பால், நாங்கள் போகவேண்டிய ஓடை வாய்ப் பக்கமாக, நாணல் வளைந்திருந்தது.

துலாபாய் என் கையைப் பிடித்தார். காஜியும் பார்த்தார். கழியை இழுத்து, மறுபடி ஊன்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆபா, உங்க பட்டியல் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு, காஜி பாய்."

"முதல்லேர்ந்து ஆரம்பிங்க."