ஏழாவது அத்தியாயம்

"கண்டாச்சிபுரம் பார்ட்டியோட பில்ல வளவனூர் பார்ட்டி பேர்ல போட்டு வச்சிருக்க. கண்ண எங்க வச்சிக்கினு வேல பாக்கற நீ?"

குமரேசன் குரலை உயர்த்தினால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும். திண்டிவனத்தில் அவருடைய டிராக்டர் ஏஜென்சியில் பல வருடமாகக் கணக்குப் பார்க்கும் கலைமதிக்கு அது பழகிப்போயிருந்தது.

"சாரி சார். மாத்திடறேன் சார்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான், நாற்காலி வரிசையின் கடைசியில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பில் போடும் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள். அந்த முகத்தைக் கலைமதிக்குத் தெரியும். விழுப்புரம் புத்தகத் திருவிழாவில் கலைமதி பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டவள். 'ஜெசிந்தாவுக்கு, தலை நிமிர்ந்து வேலை செய்ய வாழ்த்துகள்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

கலைமதி எழுதியது ஒரே ஒரு புத்தகம்தான். வேலை பார்க்கும் இடத்தில் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்வது பற்றி, மனதுக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொள்வது பற்றி. விழுப்புரத்திலிருந்து வந்துபோகும் ரயிலில் எழுதியது. படித்தவர்கள் எல்லோரும் ஏழாவது அத்தியாயத்தைத்தான் சொன்னார்கள். அதில் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கத்துகிறார். 'நான்' எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், "வேலைய சொல்லுங்க சார், கேட்டுக்கறேன். என்ன இப்படிப் பேசாதீங்க" என்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

நிஜத்தில் நடந்தது முதலாளி கத்தியது மட்டும்தான். மீதியை அவள் அன்று ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, நடந்ததுபோலவே ஆகிவிட்டது. எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை.

ஜெசிந்தா அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஃபைலைத் திறந்து அதற்குள் பார்வையை இறக்கிக்கொண்டாள். தெரியாதவளைப்போல் இருந்துவிடுவது என்று அவள் முடிவு செய்தது கலைமதிக்குப் புரிந்தது. காதுமடல் சுட்டது.

குமரேசன் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"முன்ன எங்கம்மா வேல பாத்த?"

"செருப்பு கம்பெனில சார். ஸ்டோர்ஸ் கணக்கு."

"ஏன் நின்னுட்ட?"

"வீட்ல சூழ்நிலை சார்."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அந்த கம்பெனிக்கு ஒரு போன் போட்டு விசாரி கலைமதி. வாய்க்காரியா இருந்தா நமக்குத்தான் பேஜாரு" என்றார்.

போனில் பேசியவர் நிதானமான ஆள். "வேலைல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. ஆனா சூப்பர்வைசர் ஏதோ திட்டிட்டாருன்னு, அத்தினி பேர் முன்னாடி எழுந்து நின்னு, 'வேலைய சொல்லுங்க சார், கேட்டுக்கறேன், என்ன இப்படிப் பேசாதீங்க'ன்னிச்சு. எங்க படிச்சிதோ தெரியல. அன்னிக்கே அனுப்பிட்டோம்."

ரிசீவரை வைத்த பிறகும் கலைமதி அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. தன் வாயிலிருந்து ஒருமுறைகூட வெளியே வராத வாக்கியம், வேறொருத்தியின் வேலையைத் தின்றுவிட்டு, போன் வழியாகத் தன்னிடமே வந்திருக்கிறது.

"என்னவாம்?"

"நல்ல பொண்ணாம் சார். ரொம்ப அமைதியாம்."

குமரேசன் சிரித்தார். "அப்ப உன்ன மாதிரின்னு சொல்லு. உம் பக்கத்துலயே உக்கார வச்சிக்கோ. நாளைக்கே வரட்டும்."

கதவு திறந்துதான் இருந்தது. ஜெசிந்தாவுக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

கலைமதி பில்லை மாற்றிப் போட்டு முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. நம்மால் போன வேலைக்குப் பதில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று பஸ் ஸ்டாண்டு வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம், இங்க எடம் இருக்கு."

பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜெசிந்தா நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டும். கண்டக்டரிடம் இருவரும் டிக்கெட் வாங்கினார்கள்.

"ஏழாவது அத்தியாயத்துல வர்றது இந்த சார்தானா மேடம்?"

"ஆமாம்மா." கலைமதி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் அப்படி சொல்லல. சொன்ன மாதிரி எழுதிட்டேன்."

"நீங்க சாரி சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சி மேடம்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். ஜெசிந்தா சிரித்தாள்.

"நான் சொன்னேன் மேடம். நீங்க எழுதுனத அச்சு மாறாம சொன்னேன். அந்தாளு மூஞ்சிய பாக்கணுமே. மன்னிப்பு எங்க கேட்டான், கம்பெனி கேட்டாண்ட கொண்டாந்து உட்டுட்டான். எங்கம்மா எங்கூட பேசறதயே நிறுத்திடுச்சி. ஆனா வெளிய வந்து நின்னேன் பாருங்க, அப்பிடி பசிச்சிது எனக்கு. வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி துன்னுக்கினே வீட்டுக்குப் போனேன்."

வேலையிடத்தில் என்றாவது தனக்கு அப்படிப் பசித்திருக்கிறதா என்று கலைமதி யோசித்தாள்.

"நாளைக்கு வந்துடும்மா. சார் கத்துவாரு, மனசுல எதையும் வச்சிக்க மாட்டாரு. பக்கத்துல நான் இருக்கேன்."

"அதான் மேடம், நான் வரல."

"ஏன்?"

"எனக்கு வேல வேணும்தான். அவரு கத்தறதக்கூட ஏதாச்சும் சொல்லி சமாளிச்சிப்பேன். பக்கத்துல உக்காந்துக்கினு நீங்க சாரி சொல்றத தெனம் கேக்க என்னால முடியாது."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோல, மெதுவாகச் சொன்னாள். கூட்டேரிப்பட்டு வந்ததும் எழுந்து, "வர்றேன் மேடம். பாத்துப் போங்க" என்று இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை குமரேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"எங்க உன் அமைதியான பொண்ணு?"

"வரல சார்."

"ஏனாம்?"

அவர் கத்தவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வீட்ல சூழ்நிலையாம் சார்."

"ப்ச்" என்றுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மயிலம் தாண்டும்போது, அவள் கேட்காமலே மனதுக்குள் அந்தப் பதில் எழுந்து வந்தது. 'நீங்க பேசற விதம் அவளுக்குப் பிடிக்கல சார். எனக்கும்தான்.' குரல் உயராமல், ஒரு சொல் கூடாமல் குறையாமல். அதற்குக் குமரேசன் தலைகுனிவதுகூடத் தெரிந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தாள்.

பிறகு, எதிரே இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தை ஜன்னல் பக்கம் முழுவதுமாகத் திருப்பிக்கொண்டாள்.