குதிகால் ஊன்றும் உயரம்

திங்கட்கிழமை காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்த சாரதாமணி வழக்கம்போல இடது காலை நீட்டினாள். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. செருப்பு முனை வெறும் தகரத்தில் போய் இடித்தது. குனிந்து பார்த்தாள். கிளட்சும் பிரேக்கும் பழையபடி மேலே ஏறி நின்றன. வெல்டிங் வைத்த இடத்தைத் தேய்த்துப் பெயின்ட்கூட அடிக்கவில்லை. அவசர வேலை.

நேற்று முழுக்க அவள் காங்கேயத்தில் தங்கச்சி மகள் சீருக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவள் கணவர் தண்டாயுதபாணி மட்டும்தான்.

அது பழைய 407 மினி லாரி. அவள் கல்யாணமாகி வந்தபோதே வாசலில் நின்ற வண்டி. பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டிலிருந்து சாயப்பட்டறைக்கும், சாயப்பட்டறையிலிருந்து கட்டிங்குக்கும் துணி ரோல்களை ஏற்றி இறக்கியே தண்டாயுதபாணிக்கு வயதாகியிருந்தது. ஆறடி ஆள். ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றுவார். பல்லடம் ரோட்டில் 'தண்டபாணி வண்டி' என்றால் தெரியாதவர்கள் இல்லை. போன வருஷம் ஆடியில் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாய் கோணி, இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

அதன் பிறகு வந்த ஆக்டிங் டிரைவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒருவன் குடித்துவிட்டு வந்தான். இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் பாதி லோடோடு வண்டியை அவிநாசி ரோட்டில் விட்டுவிட்டுப் போனான். கடைசியில் சாரதாமணியே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் காலம் தள்ளியவள். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும் என்பது அவள் பாதத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அவள் குள்ளம். பெடல்களோ தரையிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் முழுக்காலையும் தூக்கிப் போட வேண்டும். புஷ்பா தியேட்டர் பக்கம் நெரிசலில் மாட்டினால் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். ராத்திரி படுத்தால் தொடை தானாகத் துடிக்கும்.

பட்டறைக்காரன் நஞ்சப்பன்தான் யோசனை சொன்னான். "கம்பியை வெட்டி வளைச்சு வெச்சுட்டா எறங்கிக்குமுங்க்கா. குதிகாலைத் தரையில ஊனிட்டு முன்பாதத்துல மிதிக்கலாம்." அவள் வீட்டில் வந்து சொன்னாள். கட்டிலில் கிடந்தவர் தலையை ஆட்டினார். சரியென்று ஆட்டினாரா, வேண்டாமென்று ஆட்டினாரா என்று அவள் நின்று கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து முதல் தடவை ஓட்டிய அன்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. குதிகால் தரையில் இருந்தது. கிளட்ச் பிடிக்கிற அந்த மெல்லிய நடுக்கம் உள்ளங்காலில் ஏறியது. லோடு வண்டி மேட்டில் பின்வாங்காமல் நின்றது. தலையணையைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள். கொஞ்ச நாளில் நிட்டிங் யூனிட்டுகளில் 'சாரதாக்கா வண்டி வந்தாச்சா' என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருமுறை யாரோ கேட்டு வந்த போனைத் தண்டாயுதபாணிதான் எடுத்துப் பேசினார். பேசி முடித்துப் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நடக்க ஆரம்பித்திருந்தார், குச்சி ஊன்றி, இடது காலை இழுத்து. அந்தச் சந்தோஷமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது வண்டியிலிருந்து இறங்கி உள்ளே போனாள். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பெடலை யாரு மாத்துனது?"

"நாந்தான்."

"எதுக்குங்க?"

"என்ற வண்டி. இருந்தாப்பல இருக்கோணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு நான் ஏறுனா எப்பிடி ஓட்டறது?"

"இன்னும் செருப்பு மாட்டவே ஆள் வேணுமுங்க உங்களுக்கு."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது. அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஓட்டத் தெரிஞ்சவளுக்கு எந்தப் பெடலா இருந்தா என்ன?" என்றார். "அளவு வெச்சுத் தெக்கறதுக்கு இதென்ன பனியனா?"

போன் அடித்தது. நிட்டிங் யூனிட் மேனேஜர் மாதவன். "அக்கா, டையிங்ல துணி லாட்டுக்குக் காத்திட்டிருக்காங்க. கெளம்பிட்டீங்களா?" தலையணையைத் தேடி எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் வண்டியை எடுத்தாள். கோபத்தில் நன்றாகவே ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கு, தூக்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனாள். யூனிட் வாசலில் திரும்பும்போது மாதவன் கையைக் காட்டி ஏதோ கேட்டான். பதில் சொல்லத் தலையைத் திருப்பிய நேரத்தில் கால் தன் பழக்கத்துக்குப் போனது. பாதம் பிரேக்குக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. கேட் தூணில் மோதி, வாட்ச்மேன் நாற்காலியைச் சுவரோடு நசுக்கிவிட்டுத்தான் நின்றது.

வாட்ச்மேன் ராக்கையா கேட்டைத் திறக்க அப்போதுதான் எழுந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். நொறுங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன தாயி..." என்றார்.

மாதவன் மரியாதையாகத்தான் பேசினான். "தப்பா நெனைக்காதீங்க்கா. மொதலாளி கேமராவுல பாத்துட்டாரு. சித்த நாளு போகட்டுமுங்க." லோடு வேறு வண்டிக்கு மாறியது. ஒரு யூனிட்டில் நடந்தது மற்ற யூனிட்டுகளுக்குப் போய்ச்சேர அதிக நேரம் ஆகவில்லை.

வீட்டில் தண்டாயுதபாணி வாசலுக்கே வந்து நின்றார். வண்டியை முன்னால் போய்ப் பார்த்தார். "பம்பர் போச்சா?" என்றார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். "நாஞ் சொன்னனில்ல," என்றார் மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோல.

மறுநாள் நஞ்சப்பன் பட்டறைக்குப் போனாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல நஞ்சப்பா?"

அவன் கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "வண்டி அண்ணன் பேர்லதானுங்க்கா இருக்குது. பக்கத்து ஊட்டுப் பையனை ஓட்டச் சொல்லிக் கூடவே வந்தாருங்க. இங்கியே உக்காந்து அழுதுபோட்டாரு. நான் என்ன பண்றதுங்க?"

"திரும்ப எறக்கித் தா."

"அண்ணனை ஒரு போன் பண்ணச் சொல்லுங்க்கா. உடனே பண்ணித் தர்றேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் கழிவுத்துணியைப் பார்த்தான்.

அந்த வாரமே பழைய பனியன் கம்பெனிக்குத் திரும்பினாள். அதே ஓவர்லாக், அதே டியூப்லைட். பக்கத்து மெஷின்காரி "லாரி ஓட்டிட்டு இங்க எப்பிடிங்க்கா ஒக்கார முடியுது?" என்று கேட்டபோது, நூல் அறுந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டாள்.

மாலையில் அவள் திரும்பும் நேரத்துக்கு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார். எப்படி ஏறினார் என்று அவள் கேட்பதில்லை. இடது காலை வலது கையால் தூக்கிக் கிளட்ச் மேல் வைப்பார். அமுக்குவார். கால் வழுக்கி விழும். மறுபடி தூக்கி வைப்பார். தெருவில் போகிறவர்கள் "என்னங்ணா, எடுத்தாச்சா வண்டியை?" என்பார்கள். "எடுத்தரலாம், எடுத்தரலாம்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பையோடு உள்ளே போகப் பார்த்தபோது கூப்பிட்டார்.

"சாரதா, சித்த இங்க வா."

நின்றாள்.

"அந்தப் பக்கமா ஏறி இந்த முட்டியை மட்டும் அமுக்கு. கால் நிக்க மாட்டேங்குது. ஒரே ஒருக்கா."

பையை வாசலில் வைத்துவிட்டு ஏறினாள். அவருடைய முழங்கால் மெலிந்து கட்டைபோல இருந்தது. அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்தாள். கிளட்ச் அடிவரை இறங்கியது. சாவி திரும்பியது. வண்டி ஒருமுறை உதறி உயிர்பெற்றது. அவர் வலது கையைக் குறுக்கே நீட்டிக் கியரை முன்னால் தள்ளினார். அது விழுந்த சத்தத்தில் அவர் முகம் இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தது. அவர் சரிந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததேயில்லை.

கண்ணாடிக்கு நேர் எதிரே, கொஞ்சம் உருண்டாலே இடிக்கிற தூரத்தில், காம்பவுண்டுச் சுவர் நின்றது.

"இப்ப மெதுவா உடு," என்றார். "மெதுவா... நான் சொல்லச் சொல்ல."

கைக்குக் கீழே அவருடைய முழங்காலும், அதற்கும் கீழே கிளட்சும் சேர்ந்து மேல்நோக்கித் திமிறிக்கொண்டிருந்தன. சாரதாமணி கையை எடுக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.