குறட்டையில் வெட்டிய துண்டுகள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம். உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயைப் பற்றி ஒரு வார இதழுக்கு எழுதிக் கொடுத்தேன். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குவது, உடம்பு திடுக்கிட்டு மூச்சை மீட்பது, அதனால் ரத்த அழுத்தம் ஏறுவது, நாளடைவில் இதயநோய்க்கான வாய்ப்பு கூடுவது, எல்லாம் அதில் இருந்தன. இதழாசிரியர் ஒரே ஒரு பத்தியை எடுத்துவிட்டார். "இது கதை மாதிரி இருக்கு. இங்க எதுக்கு?"

நியாயம்தான். மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சொன்னது அந்தப் பத்தியில் இருந்தது:

"அவர் குறட்டை விட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்ங்க. நிறுத்தினாத்தான் பயம்."

மேற்கொண்டு கேட்பதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வாக்கியம் மட்டும் அவருடையது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஓய்வுபெற்ற பிறகு அவர் முழுநேரமாகத் தூங்கத் தொட— "

வேண்டாம். கேலி முந்திக்கொள்கிறது.

அடுத்து: "அந்த வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் எப்போதும் பழைய கம்பள வாசனை அடிக்கும்." இது இருக்கட்டும். துளை போட்ட பலகைச் சுவர். உள்ளே நுழைந்தால் காதைப் பொத்தியதுபோல இருக்கும். கருவிகள் சூடாகாமல் இருக்க அங்கே மட்டும் குளிரூட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிலையத்தில் பாதிப் பேருக்கு அந்த அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

நம் ஆளுக்கு, அதாவது குறட்டை விடும் அந்தக் கணவருக்கு, அங்கே கத்திரி என்று பெயர். ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டுவது அவர் வேலை. அறிவிப்பாளரின் இருமல், தடுமாற்றம், தாள் புரளும் ஓசை எல்லாம் அவர் மேசைக்குக் கீழே இருந்த கூடைக்குப் போகும். அதிகமாகப் போனது மௌனம். வானொலியில் சத்தம் கரகரத்தால் மன்னிப்பார்கள். சத்தமே இல்லாமல் போனால் என்ன ஆயிற்று என்று அறை அறையாகக் கதவு திறக்கும்.

பதிவு தொடங்குமுன் கத்திரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைத் தூக்குவார். கை மேலே இருக்கும்வரை யாரும் மூச்சுகூட விடக் கூடாது. இறக்கினால் பேசலாம்.

(கத்திரியின் மனைவியைக் கொண்டுவர இதுதான் இடம். அந்தக் கையைப் பார்த்துப் பேசப் பழகிய நாடகக் கலைஞர் அவர். பழகப் பழக, பதிவு முடிந்த பிறகும் பேசிக்கொண்டார்கள்.)

3

அந்த ஆண்டு ஒரு நகைச்சுவைத் தொடர். குறட்டைக்காரக் கணவன், வாய் ஓயாத மனைவி. மனைவி வேடம் அந்த நாடகக் கலைஞருக்கே. கணவன் வேடம் போட்ட நடிகர் பிரமாதமாகப் பேசினார், குறட்டைதான் வரவில்லை. வாய் கொப்பளிப்பது போலிருந்தது.

நிஜக் குறட்டையோ பக்கத்து அறைச் சோபாவில் இருந்தது. செய்தி வாசிப்பவர், குரலுக்காக வெண்கலம் என்று பெயர் பெற்றவர். கழுத்து தடித்த ஆள். சாப்பிட்டால் சொக்கிவிடுவார், செய்தி நேரத்துக்குச் சரியாக எழுந்து, முகம் கழுவி, கணீரென்று வாசிப்பார். கத்திரி மைக்கைத் தூக்கிக்கொண்டு குதிகாலை ஊன்றாமல் போனார்.

குறட்டை ஏறியது, ஏறியது, உச்சியில் அறுந்தது. ஒன்றுமில்லை. கத்திரி கருவி நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். நாடா சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவன்போல ஒரு திணறல்; மறுபடி குறட்டை.

அன்று மாலை கத்திரி அந்த ஒன்றுமில்லாத இடங்களையெல்லாம் வெட்டினார். திணறலையும் வெட்டினார், கேட்க நன்றாக இல்லை. மிஞ்சியதை ஒட்டினார். அருவிபோல, இடைவிடாத, அழகான குறட்டை. அதன்மேல் மனைவியின் குரல்: "ஏங்க, ரயிலே ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு, உங்க சத்தம் இன்னும் நிக்கலையே!"

ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவர் வெண்கலம். "டேய் கத்திரி, இத்தனை வருஷம் நாட்டுநடப்பு வாசிச்சேன், ஒருத்தன் கடுதாசி போடல. தூங்கினேன், மூட்டை மூட்டையா வருதுடா!"

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம். வெண்கலம் அறுபதை எட்டுமுன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். படுத்த மாதிரியே போனார், கொடுத்துவைத்தவர் என்றும் சொன்னார்கள். கத்திரியும் சொன்னார். முதல் வரைவில் நான் எழுதியது: "பல ஆண்டுகள் கழித்து உண்மை தெரிந்தபோது கத்திரி குற்றவுணர்வில் துடி— "

அடித்துவிட்டேன். அவர் ஏன் துடிக்க வேண்டும்? குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்று எல்லோரும் நம்பிய காலம். வெண்கலத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. மூச்சுத்தடைதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று சொல்ல எனக்கும் உரிமையில்லை. வாய்ப்பு கூடும் என்பதுவரைதான் என் கட்டுரையே போகும். கதை அதைத் தாண்டத் துடிக்கிறது. பிடித்து வைத்திருக்கிறேன்.

5

இப்போது கத்திரிக்கும் கழுத்து தடித்துவிட்டது. மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. இதய மருத்துவர் தூக்கப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். அந்தப் பேச்சை எடுத்தாலே கத்திரிக்கு மொட்டைமாடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு பிற்பகல். அவர் விழித்ததும் மனைவி கைப்பேசியை நீட்டினார்.

"இதைக் கேளுங்க."

"என்னது?"

"உங்க கச்சேரி. இப்பதான் முடிஞ்சுது."

கத்திரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "பதிவு சுத்தமா இல்ல. ஃபேன் சத்தம் ஏறியிருக்கு. இவ்வளவு கிட்டயா மைக்கை வைப்பாங்க?"

"குறை சொல்ல நல்லா வருது. மூச்சு விடத்தான் வரல."

"அசந்து தூங்கறவனைப் பார்த்தாப் பொறாமை உனக்கு."

"அசந்து தூங்கறவரு எதுக்குப் பேப்பர் மேலேயே தூங்கி விழறீங்க? நேத்து பாதி ஷேவிங்ல கண்ணாடியில தலை முட்டுச்சே, அதுவும் என் பொறாமையா?"

குறட்டை ஏறியது. உச்சியில் அறுந்தது. கத்திரியின் கட்டைவிரல் தானாகத் திரையில் இறங்கி, அந்த இடத்தைத் தள்ளிவிடப் போனது. மனைவி மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெட்டாதீங்க. அதைத்தான் கேட்கச் சொல்றேன்."

"ரெக்கார்டு நின்னிருக்கும்."

"ஃபேன் ஓடுதே. கேக்கலையா?"

கேட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதன்கீழே ஆள் இல்லை. பிறகு தண்ணீருக்கடியிலிருந்து அந்தத் திணறல். கத்திரி அதைக் கேட்டிருக்கிறார். பிளேடு பிடித்த கைக்கு அதன் நீளம்கூடத் தெரியும்.

"வெண்கலம்," என்றார்.

"ம்," என்றார் மனைவி. "எனக்கும் அவர்தான் ஞாபகம் வந்தார்."

இருவரும் அந்தப் பழைய ஒலிப்பதிவு அறையின் கம்பள வாசனைக்குள் போய் வந்தார்கள். சோபாவும் குளிரூட்டியும் செய்திக்கு முன் முகம் கழுவும் தண்ணீர்ச் சத்தமும் வந்துபோயின.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

கத்திரி பரிசோதனைக்குப் போகிறார். உறங்கும்போது மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் கருவி வீட்டுக்கு வருகிறது. முகமூடியை மாட்டிக்கொண்டு, "விமானி மாதிரி இருக்கேனா?" என்கிறார். "கொசு மருந்தடிக்க வந்தவர் மாதிரி இருக்கீங்க," என்கிறார் மனைவி. ரத்த அழுத்தம் மெல்ல இறங்குகிறது. குறட்டை இல்லாமல் மனைவிக்குத்தான் சில நாள் தூக்கம் வரவில்லை. எனக்குப் பிடித்த முடிவு இது. அதனாலேயே நம்பத் தயக்கம்.

இன்னொன்று: கத்திரி சிரித்து மழுப்பி மொட்டைமாடிக்குப் போகிறார். சில மாதங்கள். பிறகு ஒரு காலை, தேநீரோடு வந்த மனைவி கதவைத் திற—

இல்லை. இதை எழுத மாட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். மனைவி கேட்கிறார்: "டெஸ்டுக்கு நாளைக்கே இடம் இருக்காம். வர்றோம்னு சொல்லிடவா?" கத்திரி பதிவை முதலிலிருந்து ஓடவிடுகிறார். குறட்டை அறுகிறது. ஃபேன் மட்டும் ஓடுகிறது. பழைய பழக்கத்தில் அவர் கை தானாக மேலே போகிறது.

மனைவி வாயை மூடிக்கொள்கிறார். அவருக்கும் பழக்கம்தான், அந்தக் கை இறங்காமல் பேசியதில்லை. கைக்குக் கீழே ஒரு மனிதர் தன் மூச்சு திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார்.

இனி அந்தக் கையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் இந்த இடத்தை வெட்டிவிடுவேன்.